மாமனார் கையில் நீ கொடுத்த ஸ்பானர்

கண்ணு,

பக்கத்து அறையில் இருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்கமாட்டாய். கேட்கிற பழக்கம்தான் உனக்கு இல்லையே. வாங்கி, "சரிங்கம்மா" என்று சொல்லி, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்வாய். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாளாகவே உன்னிடம் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. நான் வாயைத் திறந்து பாதி தூரம் போவதற்குள் நீ சரி சொல்லிவிடுகிறாய். சரி சொல்கிறவனிடம் மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? அப்படிச் சொல்லிவிட்டு நான் சொன்னதைச் செய்தாலாவது பரவாயில்லை. செய்வதும் கிடையாது. காகிதத்திடம் அந்தத் தொல்லை இல்லை, நான் முடிக்கும் வரை அது தலையாட்டாமல் இருக்கும்.

சனிக்கிழமை காலையில் ரோஸ்லினின் அப்பா வண்டியை எடுக்க நம் கடைக்கு வருகிறார். வந்ததும் நேராக, வண்டியைத் தூக்கி நிறுத்தியிருக்கிற லிஃப்ட்டுக்கு அடியில் போய் நின்று கையை நீட்டுவார். நீ ஸ்பானரை எடுத்து அந்தக் கையில் வைக்கப் போகிறாயா, இல்லையா? நான் கேட்க வந்தது இவ்வளவுதான். வைப்பாய் என்றால், உன் கல்யாணம் நடக்குமா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அம்மா எப்போதும் பெரிதாக்கித்தான் பேசுவாள் என்று நினைக்காதே. கடைசி வரை படி.

நிச்சயம் முடிந்த கையோடு அவர் அந்த வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டாவது கியருக்கு மாறும்போது யாரோ பின்னாலிருந்து இடித்தது போல ஓர் உதறல். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை முழுசாகப் பிரித்துக் கோக்கிற கடைகள் நம் ஊரில் அதிகம் இல்லை, அதில் ஒன்று தனக்குச் சம்பந்தி வீடு என்பதில் மனுசனுக்கு ரொம்பப் பெருமை. மாப்பிள்ளை கடை இருக்கும்போது நான் எதற்கு வெளியே போகவேண்டும் என்று நம் கணபதி ஏரியா முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். உங்கப்பா கியர்பாக்ஸை இறக்கிக் கொடுத்தார். வால்வ் பாடியை வழக்கம் போல நான் மேஜையில் வைத்துப் பிரித்தேன். எந்தக் கியருக்கு எப்போது எண்ணெய் போகவேண்டும் என்று முடிவு செய்கிற அந்த அலுமினியக் கட்டையைத் தூசி படாமல் கழுவி, உள்ளே சிக்கிக்கொண்டிருந்த வால்வை மாற்றிக் கொடுத்தது நான். மற்றதெல்லாம் நீ கோத்தாய்.

நீ கோக்கும்போது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. உன் கை நல்ல கை. ஓட்டைக்குள் தேங்கிய எண்ணெயைக் காற்றடித்துத் துடைத்துவிட்டுத்தான் போல்ட்டைப் போடுகிறாய். ஒவ்வொன்றையும் முதலில் விரலாலேயே உள்ளே ஓட்டுகிறாய், அவசரப்பட்டு எடுத்த எடுப்பில் மெஷினை வைப்பதில்லை. நடுவிலிருந்து ஆரம்பித்து, குறுக்கும் மறுக்குமாக, ஓரத்துக்குப் போகிறாய். ஒரே மூச்சில் இறுக்காமல் முதலில் பாதி, பிறகு மீதி. கடைசியில் டார்க் ரெஞ்சை எடுத்து, வைத்த அளவு வந்ததும் அது கையில் டிக் என்று தட்டுகிறதே, அந்த இடத்தில் விட்டுவிடுகிறாய். இன்னொரு தடவை தட்ட வைத்துப் பார்க்கிற பதற்றம் உன்னிடம் இல்லை. இந்த நிதானம் வராமல் ஓடிப்போன பையன்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். கியர்பாக்ஸின் அடியில் மூடியிருக்கிற ஆயில் பேனை நீ பூட்டி முடித்தபோது சுற்றிலும் ரப்பர் ஒரே சீராக அமுங்கியிருந்தது. பார்க்கவே நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகுதானே ரோஸ்லினையும் கூட்டிக்கொண்டு வந்தார் உன் மாமா. இந்த ஊரில் வண்டி விட வருகிறவர்களோடு இதுதான் கஷ்டம். பாதிப் பேர் வீட்டிலேயே லேத் வைத்திருக்கிறார்கள், மீதிப் பேர் மோட்டார் செய்கிறார்கள். யாரும் வெறுமனே சாவியை வாங்கிக்கொண்டு போவதில்லை. எல்லாரும் லிஃப்ட்டுக்குக் கீழே வந்து, அண்ணாந்து பார்த்து, ஒரு போல்ட்டையாவது தொட்டுப் பார்த்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. நம் ஆட்களும் அதைப் பழக்கமாகவே வைத்துக்கொண்டார்கள். வண்டிக்காரர் முன்னால் சும்மா ஸ்பானரை வைத்து ஒரு அழுத்து அழுத்திக் காட்டுவார்கள், அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். மற்றவர்களுக்கு அது வெறும் நடிப்பு. ஆனால் ரோஸ்லினின் அப்பா மதுக்கரையில் பம்பு செட் வார்க்கிறவர். முப்பது வருசமாக வார்ப்பிரும்பை முடுக்கிப் பழகிய கை அது. அந்தப் பம்புகளில் போல்ட் முனகுகிற வரை முடுக்கினால்தான் தண்ணீர் கசியாது. அவரைத் தப்பு சொல்லமாட்டேன், அவர் தொழிலுக்கு அது சரி.

அவர் கையை நீட்டினார். நீ ரிங் ஸ்பானரைத் துணியில் துடைத்து எடுத்துக் கொடுத்தாய். துடைத்து, கண்ணு. நான் மேஜையை விட்டு எழுந்து வந்து, "அண்ணா, அளவு வச்சாச்சுங்க. இது அலுமினியம், இதுக்கு மேல தாங்காதுங்க" என்றேன். அவர் சிரித்தார். "ஒண்ணும் ஆவாதுங் தங்கச்சி, மனசுக்கு ஒரு திருப்தி" என்றார். அப்போது நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? என் பக்கம் திரும்பி, "மாமா பாக்கட்டும் உடுங்கம்மா" என்றாய். அவரைத் தடுக்க வாய் வராதவனுக்கு என்னைத் தடுக்க மட்டும் வாய் வந்தது. அவர் மூலைக்கு மூலை வைத்து நன்றாக ஒரு சுற்று கொடுத்தார். ஸ்பானர் இறுகி, பிறகு லேசாக வழுக்கினாற்போல் போனதை நான் பார்த்தேன். உன் கண்ணிலும் அது பட்டது. உன் முகம் மாறியதை வைத்துத்தான் சொல்கிறேன்.

இறுக்கினால் ஒழுகும் என்று வெளியாள் யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள். உனக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. போல்ட் என்பது தலைமயிர் அளவு இழுபட்டு நின்று, விட்டால் சுருங்கப் பார்க்கிற பொருள். அந்தச் சுருங்கப் பார்க்கிற சக்திதான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எல்லை தாண்டினால் அந்தச் சக்தி போய்விடும், அல்லது அது இறங்கியிருக்கிற அலுமினியத்தில் அதைத் திருகிப் பிடிக்கிற மரை பிய்ந்துவிடும். தகடு ஒரு மூலையில் குழிந்தால் பக்கத்தில் தூக்கிக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்த நீ, வண்டி வாசலைத் தாண்டிய பிறகு நான் கூப்பிட்டு, "ஃபோன் போடு, திரும்பக் கொண்டாரச் சொல்லு, லிஃப்ட்டுல ஏத்திப் பாத்துப்போடலாம்" என்று சொன்னபோது, "இப்பக் கூப்பிட்டா தப்பா நெனைப்பாருங்கம்மா" என்றாய். உங்கப்பாவிடம் போனேன். அவர், "சம்பந்தி ஊடு. உட்டுப்போடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். இரண்டு ஆம்பிளைகள் இருக்கிற கடையில் எனக்கு அன்றைக்கு வாய்த்தது இவ்வளவுதான்.

நீ எப்போதுமே இப்படித்தான். சின்ன வயதில் சத்தியமங்கலத்தில் உன் பெரியம்மா வீட்டுக்குப் போனோமே, அவள் ஒப்புட்டு சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தாள். உனக்கு வயிறு நிறைந்து மூச்சு முட்டுவது எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. "போதும்னு சொல்லு சாமி" என்று கண்ணைக் காட்டினேன். நீ சொல்லவில்லை. அவள் இன்னொன்று வைத்து அதன் மேல் நெய்யை ஊற்றினாள், அதையும் தின்றாய். திரும்பி வரும்போது புளியம்பட்டி தாண்டியதும் பஸ்ஸில் என் சேலை முழுக்க வாந்தி. கண்டக்டர் என்னைத் திட்டினார். அன்றைக்கு நான் அதைச் சிரித்துச் சிரித்து எல்லாரிடமும் சொன்னேன், பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று. இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. போதும் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாததற்கு மரியாதை என்று நாங்களாகப் பேர் வைத்துவிட்டோம்.

அன்றைக்கு நாறியது என் சேலைதான். இந்தத் தடவை அப்படி இல்லை. மதுக்கரைக்கும் கணபதிக்கும் ஓடிக்கொண்டிருந்த வரை அந்த வண்டியில் ஒன்றும் தெரியவில்லை. சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது, சிமெண்ட் தூசி படிகிற வாசலில் எண்ணெய்க் கறையை யார் கவனித்தார்கள். மைசூரில் இருக்கிற ரோஸ்லினின் சித்தி வீட்டுக்குப் பத்திரிகை வைக்க அவரும் அவர் மனைவியும் கிளம்பினார்கள். பெண்ணையும் கூட்டி வாருங்கள் என்று சித்தி கேட்டதால் அவளும் போனாள். பண்ணாரி தாண்டித் திம்பம் மலையில் ஏறும்போது சூடேறி, எண்ணெய் விரிந்து, பிய்ந்திருந்த மரை விட்டுக்கொடுத்துவிட்டது. ஆயில் பேனின் மூலை வழியாக எண்ணெய் முழுக்கக் கொட்டியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. நகராதது மட்டுமில்லை, பின்னால் உருண்டது. பின்னால் ஒரு லாரி. அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார். லாரி கிளீனர் குதித்து ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் மூன்று பேரும் இறங்கினார்களாம். அந்தக் கிளீனர் யார் பெற்ற பிள்ளையோ, அவன் நன்றாக இருக்கவேண்டும். அந்த வளைவின் வெளிப்பக்கம் என்ன இருக்கிறது என்று நீயும் பார்த்திருக்கிறாய், நானும் பார்த்திருக்கிறேன்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுவந்து நம் கடையில் விட்டார்கள். லிஃப்ட்டில் ஏற்றியதும் மூலை போல்ட்டை நான்தான் கழற்றினேன். கழற்றவே தேவையிருக்கவில்லை, கையோடு வந்தது. மரையைச் சுற்றி அலுமினியம் சுருள் சுருளாகப் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவுடனே எவனுக்கும் தெரியும், அது அளவு மீறி முடுக்கியதால் போனது. அந்த நேரம் பார்த்து அவர் உள்ளே வந்தார். கூட அவர் தம்பி, அவர் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர். நம் ஆட்களும் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் அவர், "லூசா வச்சுப்போட்டீங்க மாப்பிள்ளை. அன்னிக்கே நான் ஒரு சுத்து வச்சேன், பத்தல பாருங்க. இன்னும் ரெண்டு சுத்து வச்சிருக்கோணும்" என்றார். நான் அந்த போல்ட்டை உன் கையில் வைத்தேன். காட்டு என்றுதான் வைத்தேன். நீ அதைப் பார்த்தாய். விரலை மூடினாய். பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாய். பிறகு, "ஆமாங்க மாமா, எங்க தப்புதானுங்க" என்றாய்.

எங்க தப்பு என்றாயே, யாருடைய தப்பு? என் தப்பா, உங்கப்பா தப்பா, அந்த போல்ட்டின் தப்பா? வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? பழியை உன் மேல் போட்டுக்கொண்டதால் நீ பெரிய மனசுக்காரன் ஆகிவிட்டாய் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தால் இப்போதே அதைக் கழற்றிப் போடு. பழியோடு முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். அந்த மனுசன் இப்போது என்ன நம்புகிறார்? முடுக்கினது பத்தவில்லை என்று நம்புகிறார். அவருடைய குடும்பத்தை மலையில் கொண்டுபோய் நிறுத்தியது எதுவோ, அதையே இன்னும் இரண்டு மடங்காகச் செய்யவேண்டும் என்று நீ அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாய். மாதா கோயில் வாசலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், அடுத்த தடவை நானே நின்று முடுக்கி எடுத்துக்கொண்டு வருவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருத்தர், "நம்ம வண்டிய நல்லா டைட்டா வச்சுக் கொடுங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். நேற்று நீ செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கிளட்ச் தட்டெல்லாம் மாற்றி, பிய்ந்த ஓட்டைகளில் புது மரை இறக்கி, புது ஆயில் பேன் போட்டு முடித்திருந்தாய். வேலை சுத்தமாக இருந்தது. நீ சாப்பிடப் போனபோது டார்க் ரெஞ்சை எடுத்து வைக்கலாம் என்று போனேன். அதில் அளவு குறைத்து வைத்திருந்தது. ஏதோ கைமறதி என்று நினைத்து, சரியான அளவில் வைத்து ஒரு போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. ஒவ்வொரு மூலையிலும் நீ வேண்டுமென்றே இளக்கி வைத்திருந்தாய். நீ வந்ததும் கேட்டேன். கொஞ்சம்கூடத் தயங்காமல், "மாமா எப்படியும் ஒரு சுத்து வெப்பாருங்கம்மா. அதுக்கு எடம் உட்டு வச்சிருக்கேன். அவரு வச்சா சரியா வந்துருமுங்க" என்றாய். சொல்லும்போது உன் முகத்தில் ஒரு சந்தோசம் வேறு. பிரச்சினைக்கு வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோசம்.

அவர் அன்றைக்கு அவசரத்தில் முடுக்காமல் போனால்? இளகிய போல்ட்டோடு வண்டி மறுபடியும் மலை ஏறினால்? ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று வைத்தால்? இதையெல்லாம் யோசிக்காதவன் இல்லை நீ. யோசித்துத்தான் செய்திருக்கிறாய். ஒரு மனுசனிடம் வேண்டாம் என்று சொல்வதைவிட, கியர்பாக்ஸைத் தப்பாகப் பூட்டுவது உனக்குச் சுலபமாக இருக்கிறது. இத்தனை நாள் உன் வாய்தான் சரியில்லை, கை சரியாக இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். நேற்று உன் கையும் போய்விட்டது. நான் அழுதேன் என்று உங்கப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். ஆத்திரத்தில் அழுதேன், வேறொன்றும் இல்லை.

நீ வீட்டுக்குப் போன பிறகு ஒவ்வொரு போல்ட்டையும் நானே சரியான அளவில் வைத்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு, நீ செய்கிற மாதிரியேதான். இப்போது அந்த வண்டியில் யாருக்கும் இடம் விட்டு வைக்கவில்லை. சனிக்கிழமை அவர் கையில் ஸ்பானர் போனால் மரை போகும். இதைத் தெரிந்துகொண்டு நீ அவர் முன்னால் நிற்கவேண்டும் என்றுதான் செய்தேன். மறுபடி இளக்கி வைக்கலாம் என்று நினைக்காதே, காலையில் நான் உனக்கு முன்னால் கடையில் இருப்பேன்.

இனி ரோஸ்லினைப் பற்றிச் சொல்லவேண்டும். நேற்று சாயங்காலம் அவள் எனக்கு ஃபோன் செய்தாள். நான் இன்னும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். கல்யாணச் சேலைக்கு ரவிக்கை தைக்கிற விசயம் ஏதோ பேசினாள். பிறகு, "ஏனுங்கத்தை, அன்னிக்கு அந்த போல்ட்ட முடுக்குனது எங்கப்பாதானுங்களே? நான் வண்டிக்குப் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன்" என்றாள். நான் ஆமாம் அம்மணி என்றேன். அதில் பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் ஏன் உங்க பையன் தன் தப்பு என்று சொன்னார் என்று கேட்டாள். உங்கப்பா மேல் இருக்கிற மரியாதைதான் அம்மணி, வேறென்ன என்றேன். எனக்கே அது சப்பென்று இருந்தது.

அவள் அதற்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வண்டி பின்னால உருண்டப்ப நான் பின்சீட்டுல இருந்தேனுங்கத்தை. எங்கப்பா மொகம் வாடக்கூடாதுன்னு அவருக்குத் தோணிருக்குது. நான் உள்ள இருந்தது தோணலீங்க. கோயில்ல எங்க கல்யாண அறிவிப்பு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாவது இந்த ஞாயித்துக்கிழமை. நாளைக்கு எங்கப்பா என்னோட விசயத்துல இப்பிடி ஒண்ணு செஞ்சா, இவரு எனக்காக வாயத் தொறப்பாருங்களா?"

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்தப் பெண் அழுது அரற்றியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் கணக்குக் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள். உன்னைப் பெற்றவள் நான். திறப்பான் அம்மணி, நீ கவலைப்படாதே என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இளக்கி வைத்திருந்த போல்ட்டுகளைத் தொட்டுவிட்டு வந்த கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல என்னால் முடியவில்லை.

உன் மாமனார் கெட்டவர் இல்லை. அதையும் நீ புரிந்துகொள்ளவேண்டும். அவரிடம் சொன்னால் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மறுநாள் வந்து, அலுமினியத்தில் எத்தனை அளவு வரைக்கும் தாங்கும், காட்டுங்கள் என்று நம் மேஜையில் உட்காருவார். இரும்போடு வாழ்கிற மனுசன், போல்ட்டைக் காட்டினால் அவருக்கு விளங்காதா? நீதான் அவரைச் சின்னப் பிள்ளை மாதிரி நினைத்து ஏமாற்றிக்கொண்டிருக்கிறாய். மரியாதையாகவே சொல். மாமா, போன தடவை மரை போனது நீங்க முடுக்குனதுலதானுங்க, நான்தான் அன்னிக்குத் தடுக்காம உட்டுப்போட்டேனுங்க, இப்ப அளவு வச்சாச்சுங்க, இதுக்கு மேல கை வெக்க வேண்டாங்க என்று சொல். எத்தனை ங்க வேண்டுமானாலும் போட்டுக்கொள், நான் குறை சொல்லமாட்டேன். வேண்டாம் என்ற வார்த்தை மட்டும் அதற்குள் இருக்கவேண்டும். ஸ்பானரை உன் கையிலேயே வைத்துக்கொள்.

இதையெல்லாம் உனக்கு நான் சொல்லிக் கொடுத்துவிட்டால், நீ பேசியது நீயாகப் பேசியது ஆகாதே என்று எனக்கும் தோன்றியது. ரோஸ்லினிடமே கேட்டேன், உன்னிடம் சொல்லட்டுமா என்று. சொல்லுங்க அத்தை, சொன்னாலும் அவர்தானே வாயைத் திறக்கவேண்டும் என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அவளுக்குப் பதில் சொல்லாமல் ஃபோனை வைக்க எனக்கு மனசில்லை. அதனால் நான் அவளிடம் சொன்னது இது. அதை நீ வேறு யார் மூலமாகவும் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். "சனிக்கிழமை உங்கப்பாகூட நீயும் வா அம்மணி. நின்னு பாரு. உனக்கு மனசு ஒப்பலைன்னா, ஞாயித்துக்கிழமை பூசைக்கு முன்னால ஃபாதர்கிட்டப் போய் மூணாவது ஓலை வேண்டாம்னு சொல்லிப்போடு. தனியாப் போவ வேண்டாம். நான் உங்கூட வாரேன்."

உன் அம்மாதான் இப்படிச் சொன்னாள். படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். அதை முழுங்கிக்கொண்டு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடாதே. நான் சமையலறையில்தான் இருக்கிறேன். வந்து, என் கல்யாணத்தில் தலையிட நீ யார் என்று என்னிடம் கத்து.

இப்படிக்கு,
அம்மா